ஜன்னலக்கா விடுப்பில் இருந்த நான்கு மாதங்கள்

ஜன்னலக்காவின் கணுக்கால் முறிந்த நாளிலிருந்து அந்த மாவட்டத்தில் ஒருவர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிற பேச்சில்லை இது. தலைமையகமே வழவழப்பான தாளில் அச்சடித்து, வரைபடம் போட்டு, முத்திரை குத்தி வெளியிட்ட செய்தி. முதல் மாதம் பூஜ்யம். இரண்டாம் மாதம் பூஜ்யம். மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. மற்ற மாவட்டங்களெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது இந்த மாவட்டத்தின் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

காரணம் ரொம்பச் சின்னது. அந்தப் பதிவு அலுவலகத்தில் ஐந்து ஜன்னல்கள். முதல் மூன்றில் பிறப்பு, நாலாவதில் திருமணம், ஐந்தாவதில் இறப்பு. ஐந்தாவது ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் என்பதால் அவளுக்கு ஜன்னலக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. மூப்பிலும் நோயிலும் விபத்திலும் போனவர்களுக்கு வெள்ளைப் படிவம், ஒரே பக்கம், நாலாவது ஜன்னல்காரர்கூட எழுதிக் கொடுத்துவிடலாம். தற்கொலைக்கு மஞ்சள் படிவம், நாலு பக்கம். போலீஸ் அறிக்கை, டாக்டர் அறிக்கை, விசாரணை அறிக்கை மூன்றும் வந்து சேர வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு காரணத்துக்கான எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அதிகாரம் உள்ளவள் மாவட்டத்திலேயே ஜன்னலக்கா ஒருத்திதான்.

மாதக் கடைசியில் தலைமையகம் கேட்கும்: இந்த மாதம் பதிவானவை எத்தனை? அவள் ஆறு என்பாள், எட்டு என்பாள், பெரும்பாலும் ஏழு என்பாள். தலைமையகம் அதை ஒரு புள்ளியாக வைத்து, போன மாதத்துப் புள்ளியோடு இழுத்துக் கட்டிவிடும். அதற்குப் பேர்தான் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர்கள் தூங்கினார்கள், அல்லது தூங்காமல் இருந்தார்கள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் மேல் தட்டிலிருந்து பழைய கட்டு ஒன்றை எடுக்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூலுக்கு நாலு கால். அன்றைக்கு மூன்றுதான் ஒத்துழைத்தது. விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு போய் மாவுக்கட்டுப் போட்டு நாலு மாதம் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அலுவலகத்து மேலாளர் மாற்றாள் கேட்டு மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. மாதக் கடைசி வந்தது. பதிவானவை எத்தனை என்று கேட்டார்கள். ஒன்றும் பதிவாகவில்லை. பூஜ்யம் என்று எழுதி அனுப்பினார். அதில் பொய் எங்கே இருக்கிறது?

அடுத்த மாதம் விளக்கமாக ஒரு குறிப்பு எழுதிவிடலாம் என்றுதான் அவர் இருந்தார், பாவம். அதற்குள் பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது. பாராட்டு வந்த பிறகு விளக்கம் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மூன்றாவது மாதம் கூட்டத்துக்கு அழைத்து, உங்கள் மாவட்டத்தில் அப்படி என்னதான் செய்தீர்கள் என்று மேடையில் ஏற்றிக் கேட்டார்கள். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அலுவலகத்தின் சைக்கிள் கொட்டகையில் யாரோ எப்போதோ ஒட்டிவிட்டுப் போன 'வாழ்க்கை இனிது' என்ற சுவரொட்டி ஞாபகம் வந்தது. அதைச் சொன்னார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் நாட்டிலுள்ள அத்தனை பதிவு அலுவலகங்களின் சைக்கிள் கொட்டகையிலும் அதே சுவரொட்டி ஒட்டப்பட்டது. சைக்கிள் கொட்டகை இல்லாத இடங்களில் முதலில் கொட்டகை கட்டினார்கள். நாலாவது மாதம் மேலாளருக்குக் கேடயம் கிடைத்தது. முழங்கை உயரம், பித்தளை.

கால் தேறி ஜன்னலக்கா வேலைக்குத் திரும்பியபோது இருபத்தெட்டு மஞ்சள் கட்டுகள் மேஜையில் காத்துக்கொண்டிருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போக ஹாரன் அடிப்பார். அவள் இன்னும் அரைமணி என்று கையைக் காட்டுவாள். ஒரே மாதத்தில் பழையதில் இருபத்து மூன்றையும், அந்த மாதத்து ஏழையும் முடித்தாள். மாதக் கடைசியில் கேட்டார்கள். முப்பது என்றாள்.

தலைமையகத்தில் படுத்துக் கிடந்த கோடு விருட்டென்று எழுந்து, தாளின் மேல் விளிம்பைத் தாண்டி, தலைப்பு அச்சடித்திருந்த இடத்தில் போய் முட்டிக்கொண்டது. பத்திரிகைகள் வந்தன. அந்த ஊருக்கு என்ன ஆயிற்று, தண்ணீரில் ஏதாவதா, காற்றில் ஏதாவதா என்று எழுதின. மேலாளர், மீதியிருந்த ஐந்து பழைய கட்டுகளையும், இந்த மாதம் புதிதாக வந்த மூன்றையும் வாரிக்கொண்டு போய்த் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, பைக்கு ஊக்கும் குத்திக்கொண்டார்.

"என்ன சார் இது, எட்டு குடும்பம் சர்டிபிகேட்டுக்குக் காத்திருக்கு," என்றாள் ஜன்னலக்கா.

"கோடு கொஞ்சம் இறங்கட்டும்மா. மாசம் ஒண்ணு ரெண்டா பூப்போல எறக்கிக்கலாம்."

"செத்தவங்கள தவணை முறையில சாக வைக்கிறீங்களா?"

மேலாளருக்கு விஷயம் முழுக்கப் புரியும். புரியாமல் இருப்பதற்குக் கூலியாகத்தான் கேடயம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

தலைமையகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி, நீண்ட ஸ்கேல், சுருட்டிய தாள்கள். நல்ல மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதையும் தாளில் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஐந்தாவது ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டுக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்தார். மழை அளவு, பரீட்சைத் தேதி, சம்பளத் தேதி, பௌர்ணமி, மின்வெட்டு என்று எதையெல்லாமோ வாங்கிக் கோட்டோடு ஒட்டவைத்துப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. பத்தாம் நாள் அலுவலக வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். வியாழக்கிழமை மத்தியானம் தயங்கித் தயங்கி ஜன்னலக்காவிடம் வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. ஆறு வருஷக் கணக்கு பாத்துட்டேன். நீங்க லீவு போட்டா சாவு குறையுது. நீங்க வேலைக்கு வந்தா கூடுது. ரெண்டு வருஷம் முந்தி உங்க தங்கச்சி வீட்டுக்குப் பன்னெண்டு நாள் போனீங்களே, அப்பகூட."

ஜன்னலக்கா பேனாவை மூடி வைத்தாள். "தம்பி, நான் எழுதினாத்தான் அது கணக்குல வரும். நான் எழுதலைன்னா வராது. அவ்வளவுதான்."

"இருக்கலாம் மேடம். ஆனா அதுக்கு ஆதாரம் என்கிட்ட இல்ல. இதுக்கு இருக்கு."

"அப்ப நான்தான் ஆள அனுப்பி வைக்கிறேன்னு சொல்றீங்களா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல. சம்பந்தம் இருக்குன்னுதான் எழுதியிருக்கேன். காரணம்னு எழுதல. அடிக்கோடு போட்டுச் சொல்லியிருக்கேன்."

தலைமையகத்தில் அடிக்கோட்டை யார் படிக்கிறார்கள்? அன்று மாலையே உத்தரவு வந்துவிட்டது. பொதுநலனை முன்னிட்டு, ஐந்தாம் ஜன்னல் ஊழியர் திங்கட்கிழமை முதல் மறு உத்தரவு வரும்வரை முழுச் சம்பளத்துடன் விடுப்பில் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

வீட்டில் கணவரிடம் அந்தத் தாளை நீட்டினாள். அவர் இரண்டு தரம் படித்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"இத்தன வருஷம் உன் சமையலச் சாப்பிட்டு நான் உயிரோட இருக்கேன். அத எந்தக் கணக்குல சேத்தாங்களாம்?"

"வெளையாடாதீங்க. எனக்கு வயிறு எரியுது." உட்கார்ந்துவிட்டாள். "அலமாரிக்குள்ள ஒரு பொண்ணு இருக்கு. பத்தொம்பது வயசு. அப்பா செவ்வாய்க்கிழமை தவறாம வராரு. நான் போயிட்டா அந்தக் கட்டத் தொட ஆளில்ல."

கணவர் சிரிப்பதை நிறுத்தினார். தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். "நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல," என்றார்.

அந்த அப்பா ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஐம்பது வயது; நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை. ஜன்னலக்கா கட்டுப் போட்டு வீட்டில் இருந்த இரண்டாவது மாதத்தில் அவர் மகள் போய்விட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் வந்து, மூடியிருந்த ஐந்தாவது ஜன்னல் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அவள் திரும்பி வந்த பிறகும் அவருக்கு நேரம் சரியில்லை. விசாரணை அறிக்கை கடைசியாகத்தான் வந்தது. வந்தபோது அலமாரிக்கு உள்ளே போய்விட்டது.

செவ்வாய்க்கு வருகிறவர் வெள்ளிக்கிழமை காலையில் வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். கல்லூரியிலிருந்து. தங்கள் மகளின் வருகைப் பதிவு குறைந்துகொண்டே போகிறது என்று மாதாமாதம் வந்துகொண்டிருந்த கடிதத்தின் கடைசி அவதாரம். திங்கட்கிழமை காலை மகளை நேரில் அழைத்துவந்து விளக்கம் தராவிட்டால், தொடர்ந்து வராத காரணத்தால் பேர் நீக்கப்படும் என்று இருந்தது.

"நேர்ல போய்ச் சொன்னேன் மேடம், எம்பொண்ணு இல்லைன்னு. சர்டிபிகேட் இல்லாம எங்க கம்ப்யூட்டர் ஒத்துக்காதுங்கறாங்க. ஆப்சென்ட்டுன்னு போட்டுப் பேர எடுத்துருவாங்களாம்." கடிதத்தை ஜன்னல் பலகையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். "எடுக்கட்டும். ஆனா அவ வகுப்புக்கு மட்டம் போட்டவன்னு எடுக்கக் கூடாது. பத்து வருஷம் கழிச்சு யாராவது அந்த ரெஜிஸ்டரப் பொரட்டினா, இந்தப் பொண்ணு சோம்பேறின்னு நெனப்பாங்க. அவ சோம்பேறி இல்ல மேடம்."

"உள்ள வாங்கண்ணே," என்று கதவைத் திறந்துவிட்டு, ஜன்னலக்கா அவரை நேராக மேலாளர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மேலாளர் கடிதத்தைப் படித்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். நல்லது செய்ய வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது. கோடு ஏறாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார். "விபத்துன்னு போட்டுருவோம். வெள்ளைப் படிவம். நாலாம் ஜன்னல்லயே பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும். உங்களுக்கும் நல்லது சார், ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேச மாட்டாங்க. எங்களுக்கும் கோடு அசையாது."

ஜன்னலக்காவிடம் பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ அப்பாக்கள், எத்தனையோ அண்ணன்மார்கள் இதையே கெஞ்சிக் கேட்டிருக்கிறார்கள். அவள் மறுத்திருக்கிறாள், ஆனால் ஒருத்தரையும் மனசுக்குள் குறைத்து நினைத்ததில்லை. இவரும் சரி என்று சொன்னால் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

மெக்கானிக் கடிதத்தைத் திருப்பி வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எங்க வேலையில ஒரு நோட்டு உண்டு சார்," என்றார். "லிஃப்ட் நின்னுச்சுன்னா ஏன் நின்னுச்சுன்னு எழுதணும். மோட்டாரா, கதவா, கேபிளா. ஒருநாள் அவசரம். பட்டனத் தட்டினேன், ஓடிருச்சு. தானா நின்னுச்சு, தானா ஓடுச்சுன்னு எழுதிட்டு வந்துட்டேன். அடுத்த வாரம் அதே லிஃப்ட் அதே மாடியில நின்னுச்சு. உள்ள ஆள் இருந்தாங்க. தானான்னு எழுதிட்டா யாரும் தொறந்து பாக்க மாட்டாங்க சார். எம்பொண்ணுக்கு நடந்தது தெரியாம நடந்தது இல்ல. அவளால தாங்க முடியல. ஏன்னு எனக்கு இன்னும் முழுசாத் தெரியல. ஆனா அப்படியே எழுதுங்க. அவ பக்கத்துல மஞ்சள்ள எத்தன பேர் இருக்காங்களோ, அவங்களோட சேத்து எண்ணுங்க."

"எழுதினா இந்த மாசக் கோடு ஏறுமே சார்," என்று மேலாளர் முனகினார்.

"இந்த மாசம் ஏன் ஏறணும்?" என்றாள் ஜன்னலக்கா. "அவ போனது இந்த மாசமா? நாலு மாசம் ஆகுது."

அறை வாசலில் ஒரு சத்தம். ஆய்வாளர் ஸ்கேலைக் கீழே போட்டிருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியாது.

"மேடம், இறந்த தேதி படிவத்துல இருக்கா?"

"ரெண்டாம் பக்கம், மூணாம் கட்டம்."

"அது எங்க போகுது?"

"எங்கயும் போகாது. இங்கயே இருக்கும். நீங்க எண்ணிக்கைதான கேட்பீங்க, தேதிய எப்பக் கேட்டிருக்கீங்க?"

ஆய்வாளர் மஞ்சள் படிவத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாகத் தற்கொலைக் கோடு போட்டுக்கொண்டிருப்பவர்; அவருக்கு வந்ததெல்லாம் மாதத்துக்கு ஒரு எண். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மெக்கானிக்கே ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். ஆய்வாளர் உட்காரவில்லை. மேலாளரைப் பார்த்து, ஆய்வு அதிகாரி என்ற முறையில் எல்லா மஞ்சள் படிவங்களையும் இந்த நிமிஷமே பார்வைக்கு வைக்க வேண்டும் என்றார். மேலாளர் ஊக்கைக் கழற்ற முயன்று விரலில் குத்திக்கொண்டார். கடைசியில் ஜன்னலக்காதான் கழற்றிச் சாவியை எடுத்தாள்.

மற்ற ஏழு கட்டுகளையும் ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதினாள். பிறந்த தேதி, வயது, படிப்பு. என்ன படித்தாள் என்ற கட்டம் சின்னது. அவர் சொன்னது பெரியது. விலங்கியல் இரண்டாம் ஆண்டு, மாவட்ட அளவில் சதுரங்கத்தில் மூன்றாம் இடம், நாய்க்குட்டி என்றால் உயிர். எல்லாவற்றையும் எழுத இடமில்லை. ஜன்னலக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். காரணத்துக்கான எண்ணைப் போட்டாள். கையெழுத்திட்டாள். சான்றிதழைப் பிரதி எடுத்து, முத்திரை குத்தி, மை காய ஊதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். அவளும் அழுதாள். மூன்றாவது ஜன்னலில் குழந்தைக்குப் பேர் பதிய வந்திருந்த தம்பதி மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஆய்வாளர் அதற்குள் புதுத் தாளை மேஜையில் விரித்துவிட்டார். ஒவ்வொருவரையும் அவரவர் போன மாதத்தில் கொண்டுபோய் வைத்தார். படுத்துக் கிடந்த நாலு மாதங்களும் எழுந்தன: ஏழு, ஆறு, எட்டு, ஏழு. முப்பது என்று முட்டிக்கொண்டு நின்ற மாதம் இறங்கி ஏழில் வந்து உட்கார்ந்தது. பழைய வருஷங்களையும் போட்டுப் பார்த்தார். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. கேடயத்துக்கும் வழியில்லை, பத்திரிகைக்கும் வழியில்லை. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

மெக்கானிக் மேஜையருகே வந்து குனிந்து பார்த்தார். "இதுல எம்பொண்ணு எது சார்?"

பதினோரு வருஷத்தில் ஆய்வாளரிடம் யாரும் கேட்காத கேள்வி. அவர் பென்சிலைச் சீவினார். ஜன்னலக்கா மாவுக்கட்டோடு இருந்த இரண்டாவது மாதத்துப் புள்ளிக்குக் கீழே ஸ்கேலை வைத்து அளந்தார். "ஒரு ஆளுக்கு ரெண்டு மில்லிமீட்டர் சார். அந்த மாசம் ஆறு பேர். இங்கேருந்து இதுவரைக்கும் உங்க பொண்ணு." மெக்கானிக் அந்த இரண்டு மில்லிமீட்டரில் விரலை வைத்தார். விரல் பக்கத்திலிருந்த மாதங்களையும் சேர்த்து மூடிவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

ஆய்வாளருக்கு இப்போது நிம்மதி. தலைமையகத்து இயக்குநரை ஃபோனில் பிடித்து, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னார்.

"நேராவா இருக்கு?" என்றது ஃபோன்.

"ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு சார்."

"ஏத்தம் இல்லையே?"

"இல்ல சார்."

"அப்பாடா. அப்ப அங்க பிரச்சினை ஒண்ணும் இல்ல. வழக்கமானதுதான். விசாரணைய மூடிட்டு வண்டி ஏறுங்க. அந்தம்மாவோட லீவு மட்டும் இருந்துட்டுப் போகட்டும், உத்தரவத் திருப்பி வாங்க மூணு கையெழுத்து வேணும்."

ஜன்னலக்கா நகர்ந்து வந்து ஃபோன் பக்கம் குனிந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். கணவருக்கு அது தெரியும், இயக்குநருக்குத் தெரியாது.

"சார், நான் அஞ்சாம் ஜன்னல். நீங்க சொல்றது சரி, கோடு நேராத்தான் இருக்கு. மாசத்துக்கு ஏழு பேர்ல நேரா இருக்கு. இன்னிக்குத் தேதி பதினாலு. இந்த மாசம் இதுவரைக்கும் மூணு பேர் வந்திருக்காங்க. போன மாசம் மாதிரியே போனா, இன்னும் நாலு பேர். அந்த நாலு பேரும் இப்ப உயிரோட இருக்காங்க சார். இந்த ஊர்லதான் எங்கயோ இருக்காங்க. பஸ்ல போயிட்டிருப்பாங்க, துணி காயப் போட்டுட்டிருப்பாங்க. இன்னும் முடிவுகூடப் பண்ணியிருக்க மாட்டாங்க. நீங்க வழக்கமானதுன்னு சொல்றது அவங்களத்தான்."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாலு பேருன்னு இவ்வளவு திட்டவட்டமாச் சொல்றீங்க," என்றது ஃபோன். "அப்ப பேர், விலாசம் இருக்கணுமே. ஒரு படிவத்துல போட்டு அனுப்புங்க. நடவடிக்கை எடுக்கலாம்."

"பேர் வந்தா மஞ்சள் படிவத்துலதான் சார் வரும். அதுக்கப்புறம் என்ன நடவடிக்கை எடுப்பீங்க?"

"விலாசம் இல்லாம நாங்க யாருக்குக் கடிதம் போடறது, சொல்லுங்க?"

அந்தக் கேள்வி மெக்கானிக்கை எங்கோ தொட்டுவிட்டது. அவர் தலை நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து கல்லூரிக் கடிதத்தை எடுத்து, பிரித்து, திரும்பவும் படித்தார்.

"மேடம், இந்தக் கடுதாசியெல்லாம் அவ போனப்புறம் வர ஆரம்பிச்சதுன்னுதான் நீங்க நெனச்சிருப்பீங்க. இல்ல. மொத ரெண்டு கடுதாசி அவ இருக்கும்போதே வந்துச்சு." யாரையும் பார்க்காமல் பேசினார். "மொதல்ல வந்தப்ப, கையில வெச்சுக்கிட்டு அவளக் கத்தினேன். கட்டுன ஃபீஸெல்லாம் வீணா, ஊர் சுத்தறியான்னு கேட்டேன். ஏம்மா போகலன்னு கேக்கல. அந்த ஒண்ண மட்டும் கேக்கல. அவ எங்கயும் சுத்தல மேடம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு, பஸ் ஏறாம அங்கயே உக்காந்திருந்திருக்கா. அப்புறந்தான் ஒரு கண்டக்டர் சொன்னாரு."

ஜன்னலக்கா அவர் தோளில் கை வைத்தாள்.

"ஹலோ, விலாசம்," என்றது ஃபோன்.

"காலேஜ்ல இருக்கு," என்றார் மெக்கானிக். ஃபோனுக்குச் சொன்னாரா அவளுக்குச் சொன்னாரா தெரியாது. "இந்த மாசம் இதே கடுதாசி யார் யாருக்குப் போச்சோ, அவங்க பேரும் விலாசமும் அங்க இருக்குமே. எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க. பாதிப் பேர் சினிமாவுக்குப் போயிருப்பான். போகட்டும். நான் ஒவ்வொரு வீடாப் போய், ஏன் தம்பி போகல, ஏம்மா போகலன்னு கேக்கறேன். திட்டாமக் கேக்கறேன். சொன்னாச் சொல்லட்டும், இல்லாட்டி சும்மா உக்காந்துட்டு வரேன்."

ஆய்வாளர் ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, "சார், நான் இன்னிக்கு வண்டி ஏறல," என்றார்.

ஜன்னலக்கா மெக்கானிக்கிடம் கேட்டாள்: "திங்கக்கிழம காலேஜ் எத்தன மணிக்குத் தொறக்கும்?"

"ஒம்பதுக்கு மேடம்."

"எட்டரைக்கு வாசல்ல இருக்கேன்," என்றாள்.